டேவிஸா, ஃபோல்சமா, ஃபேர் ஓக்ஸா? சைக்கிளுக்காக ஊர் மாறுறவங்களுக்கு ஒரு அலசல்

கலிபோர்னியாவுல, பே ஏரியான்னு சொல்ற சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா பக்கம், ஃப்ரீமாண்ட்ல ஒன்பது வருஷம் வாடகைக்கு இருந்தாச்சு. ஆபீஸ்ல வாரத்துக்கு ஒரு நாள் முகத்தை காட்டினா போதும்னு சொன்ன அன்னைக்கே வீட்ல பேச்சு ஆரம்பிச்சிருச்சு, சின்ன ஊரா ஒண்ணு பாத்து போயிரலாம், பசங்க கார் பயம் இல்லாம சைக்கிள் ஓட்டணும், நானும் இந்த தொப்பையை ஏதாவது பண்ணணும். மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோ பக்கம்தான் நம்ம கைக்கு எட்டும்னு தெரிஞ்சது, அங்க டிரெயில், அதாவது கார் வராத சைக்கிள் பாதை, நல்லா இருக்கிற ஊருன்னு யாரைக் கேட்டாலும் இந்த மூணு ஊரைத்தான் சொன்னாங்க: டேவிஸ், ஃபோல்சம், ஃபேர் ஓக்ஸ். மூணுலயும் போய் தங்கி, ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன். சைக்கிள்னா மிதிக்கிற சைக்கிள்தாங்க, இங்க பைக்னு சொல்லிட்டு திரியிறாங்க, அதை ஊர்ல எங்கப்பாகிட்ட போன்ல சொன்னப்போ "ரெண்டு பசங்களை வச்சிக்கிட்டு பைக்கா"ன்னு அரை மணி நேரம் திட்டு.

முதல்ல ஃபோல்சம், ஏன்னா டிரெயில்னு மட்டும் பாத்தா அதை அடிச்சிக்க ஆளே இல்ல. அமெரிக்கன் ரிவர் ஓரமா ஜெடடையா ஸ்மித் டிரெயில்னு ஒண்ணு போகுது, சாக்ரமெண்டோ டிஸ்கவரி பார்க்ல ஆரம்பிச்சு ஃபோல்சம் ஏரி பீல்ஸ் பாயின்ட் வரைக்கும் 32 மைல், அதோட அழகான கடைசித் துண்டு பூரா ஃபோல்சம் பக்கம்தான் வருது. ஏரிக்கு கீழ லேக் நடோமான்னு ஒரு குட்டி நீர்த்தேக்கம், அதை சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சா 11 மைல் சொச்சம், சாயங்காலம் போனா வான்கோழிக் கூட்டம் கல்யாணத்துக்கு கிளம்பின சொந்தக்காரங்க மாதிரி வரிசையா ரோட்டை கிராஸ் பண்ணும், நாம நின்னுதான் போகணும். இது போக ஊருக்குள்ள சிட்டி போட்ட டிரெயிலே 50 மைல் பக்கம் இருக்கு. அதுல ஜானி கேஷ்னு ஒரு பாடகர் பேருல டிரெயில் ஒண்ணு, 1968 ஜனவரில அவரு ஃபோல்சம் ஜெயிலுக்குள்ள போய் கச்சேரி பண்ணாருல்ல, அந்த ஜெயில் நிலத்தை ஒட்டியே பாதை போகுது, ரோட்டுக்கு மேல போற பாலத்துல ஜெயில் காவல் கோபுரம் மாதிரியே கல்லுல கட்டி வச்சிருக்காங்க. பெரியவனுக்கு அதைப் பாத்ததும் ஊரே பிடிச்சுப் போச்சு.

ஆனா ஒரு விஷயம் ரெண்டாவது நாள்தான் உறைச்சுது. நாங்க தங்கின வீட்லேர்ந்து பால் வாங்கப் போகணும், கடை ஒரு மைல்கூட இல்ல, சரி சைக்கிள்லயே போலாம்னு கிளம்பினேன். டிரெயில் வரைக்கும் ஜம்முன்னு போச்சு, அதுக்கப்புறம் ஈஸ்ட் பிட்வெல் ஸ்ட்ரீட், ரெண்டு பக்கமும் மூணு மூணு லேன், சைக்கிள் லேன்னு வெள்ளைக் கோடு போட்டிருக்கு ஆனா பக்கத்துல எஸ்யூவி பறக்குது, சிக்னல் விழுந்து கிராஸ் பண்ணினா கடை முன்னாடி ஒரு கிரிக்கெட் கிரவுண்டு சைஸுக்கு பார்க்கிங், அதைத் தாண்டிப் போய் கடை வாசல்ல சைக்கிள் கட்ட இடம் தேடினா தள்ளுவண்டி அடுக்குற கம்பிதான் இருக்கு. பால் வாங்கிட்டு வந்துட்டேன், ஆனா பசங்களை தனியா அனுப்புவியான்னு கேட்டா மாட்டேன். ஃபோல்சம்ல சைக்கிள் ஒரு பொழுதுபோக்கு, அதுவும் பிரமாதமான பொழுதுபோக்கு, ஆனா காரியத்துக்கு கார்தான். ஹம்பக் வில்லோ க்ரீக் டிரெயிலை ஒட்டின பழைய ஏரியாவுல வீடு கிடைச்சா கொஞ்சம் பரவாயில்ல, ஓடை ஓரமாவே ரொம்ப தூரம் போயிடலாம், தேடுறவங்க அங்க தேடுங்க.

ஹைவே 50க்கு தெக்கால ஃபோல்சம் ராஞ்ச்னு புதுசா கட்டிக்கிட்டே இருக்காங்க, 2012ல சிட்டியோட சேத்த இடம். நம்மாளுங்க நிறைய பேரு அங்கதான் வாங்குறாங்க, வீடு பளபளன்னு இருக்கு, ஆனா மேடு பள்ளம் ஜாஸ்தி, முட்டி வலி இருக்கிறவங்க எலெக்ட்ரிக் சைக்கிளுக்கும் சேத்து பட்ஜெட் போட்டுக்கோங்க. அதோட மெல்லோ-ரூஸ் வரின்னு ஒண்ணு இருக்கு, 1982ல வந்த சட்டம், புது ஏரியாவுக்கு ரோடு ஸ்கூல் எல்லாம் போட்ட கடனை அங்க வீடு வாங்குறவங்க தலையில வருஷா வருஷம் கட்டுறது, சாதாரண சொத்து வரிக்கு மேல இது. வீடு விக்கிறவங்க வாயில இந்தப் பேரு கடைசியாத்தான் வரும், நீங்க முதல் கேள்வியா கேட்டுருங்க.

ஃபேர் ஓக்ஸை நான் தான் லிஸ்ட்ல சேத்தேன், ஆசைக்கு. அது சிட்டி கூட கிடையாது, கவுண்டிக்கு (நம்மூரு மாவட்டம் மாதிரி) கீழ வர்ற இடம். பழைய வில்லேஜ்னு ஒரு நாலஞ்சு தெரு, அதுல கோழிங்க சொந்தமா திரியும். யார் வீட்டுக் கோழியும் இல்ல, ஊர்க்கோழி. காபி கடை மேஜைக்கு கீழ குஞ்சோட மேயுது, அதுக்காக கார் நிக்குது, சின்னவ அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்னுட்டா. வில்லேஜ்லேர்ந்து இறங்கினா ஆத்துக்கு குறுக்க நூறு வருஷத்துக்கு மேல ஆன ஒரு இரும்புப் பாலம், இப்ப நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான், அதைத் தாண்டினா அந்த 32 மைல் டிரெயில்ல ஏறிடலாம். நவம்பர் வாக்குல சாமன் மீனு ஆத்துல ஏறி வரும், மேல நிம்பஸ் மீன் பண்ணையில படிக்கட்டு மாதிரி கட்டி வச்சிருக்கிற தண்ணியில ஒவ்வொண்ணா துள்ளி ஏறுறதை சைக்கிளை சாத்தி வச்சிட்டு பாத்துக்கிட்டே நிக்கலாம்.

இவ்வளவு சொல்லிட்டு ஏன் வேண்டாம்னேன்னா, பாலத்துலேர்ந்து வில்லேஜுக்கு திரும்பி ஏறுற ஏத்தம் ஒண்ணு, அது நமக்கே மூச்சு வாங்குது. வில்லேஜை தாண்டி குடியிருப்புப் பக்கம் போனா நிறைய தெருவுல நடைபாதையே கிடையாது, ரோடு முடியிற இடத்துல நேரா ஓக் மரம் நிக்குது, பாக்க அழகு, பையன் ஸ்கூலுக்கு அதுல போகணும்னா வயித்துல புளி கரைக்கும். அப்புறம் விடியக்காலை நாலு மணிக்கு சேவல். ஊர்ல வளந்தவன்தான், சேவல் கூவினா தூக்கம் கலையாதுன்னு பீத்திக்கிட்டேன், ரெண்டாவது ராத்திரி தலைகாணியை காதுல அமுக்கிக்கிட்டு படுத்தேன். ரிட்டயர் ஆன தம்பதிக்கு, தோட்டம் போடணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்ல, மனை எல்லாம் பெருசு, ஐம்பது அறுபது வருஷத்து வீடு நிறைய. ஸ்கூல் படிக்கிற பசங்க இருக்கிறவங்க யோசிங்க.

இனிமே டேவிஸ்.

டேவிஸ்ல டிரெயில்னு பெருசா காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல, உண்மையை சொல்லிடணும். ஊரை சுத்தி ஒரு லூப் இருக்கு, 12 மைல் வாக்குல, கிரீன்பெல்ட்னு வீடுகளுக்கு நடுவுல விட்டிருக்கிற பச்சைப் பூங்கா வழியா போகுது, நிழல் இருக்கு, ஆனா ஏரி கிடையாது, மலை கிடையாது, ஊரே ஆப்பம் சுடுற கல்லு மாதிரி தட்டை... இல்ல ஆப்பச்சட்டி குழியா இருக்கும், தோசைக்கல்லுன்னு வச்சிக்கோங்க. ஊரைத் தாண்டினா தக்காளி வயல், பாதாம் தோப்பு. சாக்ரமெண்டோவுக்கு சைக்கிள்ல போகணும்னா யோலோ காஸ்வேன்னு ஹைவே 80க்கு ஒட்டினாப்புல ஒரு பாதை, ஒரு பக்கம் லாரி சத்தம் காதைப் பிளக்கும், ரசிச்சு ஓட்டுற இடம் இல்ல. கோடையில மட்டும் சாயங்காலம் அந்தப் பாலத்துக்கு அடியிலேர்ந்து லட்சக்கணக்குல வவ்வால் கிளம்பும், தூரத்துலேர்ந்து பாத்தா புகை போறா மாதிரி இருக்கும், அதைப் பாக்கன்னே கூட்டிட்டுப் போறாங்க.

ஆனா ஊருக்குள்ள நடக்கிற கதை வேற. அமெரிக்காவுலயே முதல்முதல்ல ரோட்டுல சைக்கிளுக்குன்னு கோடு போட்டு லேன் பிரிச்ச ஊரு இதுதான், 1967ல. ஹாலந்துல கொஞ்ச காலம் இருந்துட்டு வந்த ஒரு பேராசிரியர் குடும்பம் இங்க ஏன் முடியாதுன்னு கேக்க ஆரம்பிச்சு, 1966 கவுன்சில் தேர்தல்லயே அது பெரிய விஷயமாகி, ஜெயிச்சு வந்தவங்க செஞ்சும் காட்டினாங்க. அதே காலத்துல இங்க இருக்கிற யூசி டேவிஸ் யூனிவர்சிட்டியும் கேம்பஸை சைக்கிளுக்குன்னே பிளான் பண்ணுச்சு. அந்த அறுபது வருஷப் பழக்கம் இன்னிக்கும் தெரியுது. காலைல எட்டு மணிக்கு ஒரு ஸ்கூல் பக்கத்து அண்டர்பாஸ்ல அரை மணி நேரம் சும்மா நின்னேன், மூணாங்கிளாஸ் பசங்க தனியா போறாங்க, ஒரு அம்மா முன்னாடி பெட்டி வச்ச சைக்கிள்ல ரெண்டு குழந்தையையும் ஒரு நாயையும் ஏத்திக்கிட்டு போறாங்க, முதுகுல செல்லோவை (பெரிய வயலின் மாதிரி) மாட்டிக்கிட்டு ஒரு பொண்ணு. ஒருத்தர்கூட அந்த இறுக்கமான சைக்கிள் டிரஸ் போடல. ஃபோல்சம் டிரெயில்ல நான் பாத்தவங்க பாதிப் பேரு அந்த டிரஸ்லதான் இருந்தாங்க, அதுலயே ரெண்டு ஊருக்கும் வித்தியாசம் புரிஞ்சிடும்.

பெரியவன்கிட்ட இருபது டாலர் குடுத்து ஃபார்மர்ஸ் மார்க்கெட் வரைக்கும் போய் ஸ்ட்ராபெரி வாங்கிட்டு வாடான்னேன். பத்து வயசு. பின்னாடியே நான் நூறு அடி தள்ளி வந்தேன், அவனுக்குத் தெரியாது. கிரீன்பெல்ட், ஒரு சுரங்கப்பாதை, அப்புறம் தெரு, நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு இருக்கிற முக்குல கார்க்காரர் கையைக் காட்டி நீ போப்பான்னு விட்டாரு. ஒன்றரை மைல்ல எனக்கு ஒரு தடவைகூட நெஞ்சு படபடக்கல. ஃபோல்சம்ல அந்த ஒரு மைல் பாலுக்கு நாலு தடவை.

டேவிஸோட கஷ்டங்களை சொல்லாம விட்டா தப்பு. வீடு கிடைக்காது, அதான் முதல் கஷ்டம். 2000ல மெஷர் ஜேன்னு ஒண்ணு ஓட்டுப் போட்டு கொண்டு வந்தாங்க, ஊரைச் சுத்தி இருக்கிற விளைநிலத்துல வீடு கட்டணும்னா ஊரே ஓட்டுப் போட்டு சரின்னு சொல்லணும். 2005, 2009, 2016 மூணு தடவையும் முடியாதுன்னுட்டாங்க, 2018லதான் ரெண்டு திட்டத்துக்கு சரின்னாங்க. டார்கெட் கடை ஒண்ணு வரலாமா வேண்டாமான்னே 2006ல ஓட்டெடுப்பு வச்ச ஊரு இது! வயல் தப்பிச்சுது, நல்லதுதான், ஆனா இருக்கிற வீட்டுக்கு வெலை ஏறிக்கிட்டே போகுது, அதே காசுக்கு ஃபோல்சம்ல ஒரு பெட்ரூம் கூடவே கிடைக்கும். வாடகையும் யூனிவர்சிட்டி காலண்டரைப் பாத்துதான் ஓடுது, பெரும்பாலான லீஸ் ஆகஸ்ட் 31ல முடிஞ்சு செப்டம்பர் 1ல ஆரம்பிக்கும், அந்த ரெண்டு நாளும் ஊர் பூரா சோபாவும் மெத்தையும் தெருவுல கிடக்கும். நடுவுல ஏப்ரல்ல போய் வீடு தேடினா கைல அகப்படுறது கொஞ்சம்தான்.

ரெண்டாவது சைக்கிள் திருட்டு. இவ்வளவு சைக்கிள் இருக்கிற ஊர்ல அதுவும் இருக்கத்தானே செய்யும், யூ-லாக்னு வளைஞ்ச இரும்புப் பூட்டு போடாம அஞ்சு நிமிஷம்கூட விடாதீங்க.

மூணாவது முள்ளு. இங்க கோட்ஹெட்னு ஒரு முள்ளை சொல்லி எல்லாரும் பயமுறுத்தினாங்க, என்னமோ ஏதோன்னு இருந்தேன். சின்னவ டயர் ரெண்டாவது நாளே உக்காந்துருச்சு, கழட்டி பாத்ரூம் டப்புல தண்ணி புடிச்சு டியூபை முக்கினா ஒரு இடமா ரெண்டு இடமா, ஏழு இடத்துல புஸ்ஸு புஸ்ஸுன்னு குமிழி. டயரைத் தடவி ஒரு முள்ளை நகத்தால நெம்பி உள்ளங்கைல வச்சுப் பாக்குறேன், ரெண்டு கொம்பு வச்ச ஆட்டுத்தலை மாதிரி... அட, இது நம்ம நெருஞ்சி! மஞ்சப்பூ பூத்து தரையோட தரையா படருமே, சின்ன வயசுல வரப்புல வெறுங்காலோட நடந்து குத்து வாங்கின அதே நெருஞ்சி முள்ளு, இத்தனை கடல் தாண்டி வந்து என் பொண்ணு டியூபை குத்தியிருக்கு. கோவம் வரல, சொந்தக்காரனைப் பாத்த மாதிரி இருந்துச்சு. டியூபுக்குள்ள பச்சையா ஒரு சீலன்ட் ஊத்தினா சின்ன ஓட்டை தானா அடைச்சுக்கும், டேவிஸ்ல அதை சைக்கிள் வாங்குற அன்னைக்கே ஊத்திடணும்.

வெயில் மூணு ஊர்லயும் கொடுமைதான், ஜூலைல 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுறது சர்வ சாதாரணம். டேவிஸ்ல ஒரு ஆறுதல், சாயங்காலமானா டெல்டா காத்துன்னு பே பக்கத்துலேர்ந்து ஜிலுஜிலுன்னு வரும், ஃபோல்சம் மலையடிவாரம்கிறதால அவ்வளவு தூரம் எட்டுறதுக்குள்ள அது களைச்சுப் போயிடுது. பதிலுக்கு டேவிஸ்ல வடக்குக் காத்து அடிக்கிற நாள்ல தட்டை ரோட்டுலயும் மலை ஏறுற மாதிரி மிதிக்கணும், டிசம்பர் ஜனவரில பனிமூட்டம் வேற, முன்னாடி போற சைக்கிளே தெரியாது, லைட்டு இல்லாம கிளம்பாதீங்க.

ஆபீஸ் போற விஷயத்துல டேவிஸ்தான். டவுன்டவுன்லயே ரயில் ஸ்டேஷன், கேப்பிட்டல் காரிடார்ங்கிற ரயில்ல சைக்கிளோட ஏறி உக்காந்தா சான் ஹோசே பக்கம் போறதுக்கு ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆகும், நீளம்தான், ஆனா மடிக்கணினியைத் திறந்து வேலை பாத்துக்கிட்டே போகலாம். ஃபோல்சம்ல லைட் ரயில் 2005லேர்ந்து இருக்கு, சாக்ரமெண்டோல வேலைன்னா அது போதும், பே ஏரியாவுக்கு அது உதவாது.

வீட்டம்மா ஓட்டு கடைசி வரைக்கும் ஃபோல்சம்தான். "ஏங்க, இட்லி அரிசிக்கும் முருங்கைக்காய்க்கும் நான் என்ன ரயில் ஏறியா போவேன்?" நியாயமான கேள்வி, இந்தியக் கடையும் நம்ம ஜனங்களும் ஃபோல்சம் பக்கம்தான் ஜாஸ்தி, டேவிஸ்ல அந்த விஷயத்துல கை கொஞ்சம் வறட்சிதான். மூணு வாரம் இழுத்து கடைசில ஒரு ஒப்பந்தம் ஆச்சு: டேவிஸ்ல முதல்ல வாடகைக்கு ஒரு வருஷம், மாசம் ஒரு சனிக்கிழமை கார் பின்னாடி நாலு சைக்கிளையும் மாட்டிக்கிட்டு ஃபோல்சம் போய் நடோமா ஒரு சுத்து, வர்ற வழியில இருபது பவுண்டு அரிசி மூட்டை. லீஸ் செப்டம்பர் 1லேர்ந்து. சீலன்ட் எட்டு பாட்டில் இப்பவே வாங்கி வச்சிட்டேன்.