மூக்கோடு நிறுத்துவதா, முகத்தையே மூடுவதா: சென்னைப் புழுக்கத்துக்கு எந்த சிபாப் மாஸ்க்?

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் சிபாப் மெஷின்தான் சிகிச்சை. எந்த மெஷின், எவ்வளவு பிரஷர் என்பதையெல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். மாஸ்க் விஷயம் மட்டும் பெரும்பாலும் டீலர் பையில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதில் முடிந்துவிடுகிறது. எனக்கு அப்படி வந்தது மூக்கு, வாய் இரண்டையும் மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க். பிறகு மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க். இப்போது நாசித் துவாரத்தில் பொருந்தி உட்காரும் நேசல் பில்லோ. இனி இதைவிட்டு மாறும் எண்ணம் இல்லை. சாய்வான தராசு இது என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

எல்லோரும் சொல்லும் வித்தியாசங்களை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஃபுல் ஃபேஸ் பெரியது, விலை கூடுதல், ஆனால் வாய் திறந்து தூங்கினாலும் காற்று வீணாகாது. பில்லோ இலேசானது, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். நேசல் இரண்டுக்கும் நடுவே.

எனக்கு முடிவைத் தந்தது வேறு கணக்கு: சிலிகான் குஷன் முகத்தில் எவ்வளவு இடத்தைத் தொடுகிறது?

மாஸ்க்கை முகத்தோடு ஒட்டவைப்பது அந்த மெல்லிய சிலிகான் விளிம்புதான். அதற்கும் தோலுக்கும் நடுவே எண்ணெயும் வியர்வையும் புகுந்தால் பிடிப்பு போய்விடும், காற்று கசியும். மே மாதச் சென்னையில் குளித்துவிட்டு வந்து துடைப்பதற்குள் மீண்டும் வியர்க்கிறது. ஃபுல் ஃபேஸ் குஷன் மூக்குத் தண்டில் தொடங்கி, இரு கன்னமும் இறங்கி, உதட்டுக்குக் கீழே போய் முடிகிறது. அந்தச் சுற்று முழுக்கப் பிசுபிசுப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு மூக்கோரம் 'புஸ்' என்று காற்று கண்ணில் அடிக்கும். எழுந்து பட்டையை இறுக்குவோம். இறுக்கினால் காலையில் மூக்குத் தண்டில் சிவப்புத் தழும்பு. தாடி இரண்டு நாள் வளர்ந்திருந்தால் தாடைப் பக்கமும் கசிவு. நேசல் மாஸ்க்கில் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும், ஆனால் அதன் கீழ்விளிம்பு மேலுதட்டில் உட்காருகிறது. நம்மூர் மீசைக்கு அது சரிப்படாது. பில்லோ தொடுவது நாசித் துவார விளிம்பை மட்டுமே. அங்கே மீசையும் இல்லை, வியர்வையும் அவ்வளவாக இல்லை. மாஸ்க் கசியாமல் ஒட்டியிருந்தது என்பதற்கு என் ரெஸ்மெட் கம்பெனி மெஷின் காலையில் காட்டும் சிரிப்புமுகம், பில்லோவுக்கு வந்த பிறகுதான் தொடர்ந்து சிரிக்கிறது.

பராமரிப்பிலும் அதே கதைதான். குஷனைத் தினமும் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், மணமில்லாத இலேசான சோப்பு, அவ்வளவு போதும். டெட்டால் வேண்டாம், சிலிகானைக் கெடுக்கும். மொட்டை மாடிக் கொடியில் வெயிலில் காயப்போடுவதும் வேண்டாம். பாத்ரூம் கதவுக் கொக்கியில் நிழலாகத் தொங்கவிடுங்கள். ஃபுல் ஃபேஸைப் பிரித்து, கழுவி, மறுபடி கோப்பது காலை அவசரத்தில் ஒரு வேலை. பில்லோ கட்டைவிரல் அளவுதான், பல் தேய்க்கும் நேரத்தில் முடிந்துவிடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர்கள் பட்டையை வாரம் ஒருமுறையாவது அலச வேண்டும், எண்ணெய் ஏறினால் எலாஸ்டிக் சீக்கிரம் தொய்ந்துவிடும். ரெஸ்மெட்டின் பி10 மாதிரி பில்லோவில் இரண்டு மெல்லிய வார்கள் மட்டுமே என்பதால் இது சுலபம். ஃபுல் ஃபேஸின் நாலுபக்கப் பட்டையோ புழுக்க நாளில் காயவே மறுக்கும். குஷன் தேய்ந்தால் அதை மட்டும் தனியாக வாங்கலாம். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் மாஸ்க் விலையைக் கேட்பதைவிட, "இந்த சைஸ் குஷன் எப்பவும் ஸ்டாக்ல இருக்குமா சார்?" என்று கேளுங்கள்.

"வாயால் மூச்சு விடுகிறவர், அதனால் ஃபுல் ஃபேஸ்" என்பது டீலர்கள் சட்டென்று சொல்லும் பதில். மூக்கு அடைத்திருப்பதால்தான் பலருக்கு வாய் திறக்கிறது. முதலில் ஈஎன்டி டாக்டரிடம் மூக்கைக் காட்டுவது நல்லது. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழு இந்தச் சிகிச்சையை முதன்முதலில் எழுதியபோதே காற்றை மூக்கு வழியாகத்தான் கொடுத்தார்கள். ஃபுல் ஃபேஸில் பலருக்குக் கூடுதல் பிரஷர் தேவைப்படுவதும் ஆய்வுகளில் வந்திருக்கிறது. கீழ்ப்பட்டை தாடையைப் பின்னுக்கு இழுத்துத் தொண்டையைக் குறுக்குவது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பில்லோவின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காற்று நேராக நாசிக்குள் பாய்வதால் முதல் வாரம் மூக்கு எரியும். அதற்காகத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவக்கூடாது, தண்ணீர் அடிப்படையிலான ஜெல்தான். ஏசியைப் பதினெட்டில் வைத்தால் குழாயில் நீர் கோத்து மூக்குக்குள் சொட்டும், இருபத்தைந்துக்குக் கொண்டுவந்தால் நின்றுவிடும். என் பிரஷர் பத்துக்குள் (சென்டிமீட்டர் நீரழுத்தக் கணக்கில்). பதினைந்து, பதினாறு தேவைப்படுகிறவர்களுக்கு பில்லோ பொறுக்குமா என்பதை அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது. குழாய் உச்சந்தலையில் சேரும் புதுவகை மாஸ்க்கும் நான் போட்டுப் பார்த்ததில்லை.

பேஸ்மேக்கர் வைத்தவர் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஃபுல் ஃபேஸ், நேசல் மாஸ்க்குகள் பலவற்றின் கொக்கியில் காந்தம் இருக்கிறது. பிலிப்ஸ் 2022-லும் ரெஸ்மெட் 2023-லும் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டன. இந்தக் காந்தம் அத்தகைய கருவிக்குப் பதினைந்து சென்டிமீட்டருக்குள் வரக்கூடாது. போடுகிறவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் படுப்பவருக்கும் இது பொருந்தும். பி10-இல் காந்தம் கிடையாது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அம்மா மாதிரி பலர் பயப்படுகிறார்கள். மூக்கு மாஸ்க், பில்லோ என்றால் வாயைத் திறந்தால் போதும். ஃபுல் ஃபேஸில் வெளிக்காற்றை உள்ளே விட ஒரு வால்வு இருக்கிறது, கழுவும்போது அது ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஃபுல் ஃபேஸை நான் தூக்கிப் போடவில்லை. மார்கழியில் ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்தால் பில்லோவால் பயனில்லை, அப்போது அதுதான் கை கொடுக்கிறது. மாற்றும் அன்று மெஷின் செட்டிங்கில் மாஸ்க் வகையையும் பில்லோவிலிருந்து ஃபுல் ஃபேஸுக்கு மாற்றிவிடுங்கள். மாஸ்க்குக்கு மாஸ்க் காற்றுப்போக்கு வேறுபடும், மெஷின் அந்த வகையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது.