வீடு விற்க ஓர் அறிக்கை: அட்டை நல்லது, அளவெடுக்கும் ரேப் மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் காணி உறுதிகளைப் பார்த்த பிள்ளைக்காக.

வீடு விற்பவர்களுக்கு ஆவணங்களையும் கட்டடத்தையும் பார்த்து முழு அறிக்கை தருகிறோம் என்று சொல்லும், கொழும்பிலிருந்து இயங்கும் ஒரு நிறுவனம். திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் இருக்கும் அம்மாவின் வீட்டை விற்பதற்காக அக்கா கனடாவில் இருந்தபடியே காசு கட்டினார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காணிப் பதிவகத்தில் முப்பது வருட உரித்துத் தேடலை, அதாவது காணி யார் யார் கைமாறி வந்தது என்று பார்ப்பதை, சுத்தமாகச் செய்திருந்தார்கள். அம்மாவின் சீதன உறுதியில் இருந்த கிழக்கு எல்லையும் நில அளவைப் படத்தில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான். வீதி எல்லை காணியைத் தொடுகிறதா என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தையும் நிரப்பித் தந்தார்கள்.

கட்டடப் பகுதிக்கு வந்தால் தலையிடி. "அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கு அமைவாக உள்ளது" என்று ஒரே ஒரு வரி. எங்கே அமைவாக இருக்கிறது? பின்னால் குசினியை நீட்டிக் குளியலறையும் சேர்த்துக் கட்டி எத்தனையோ வருடம், அந்தச் சுவருக்கும் பின் மதிலுக்கும் நடுவில் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போகத்தான் இடம். இப்படியான சின்ன வீட்டுக்குப் பின்பக்கம் 2.3 மீற்றர், மேசன்மார் கணக்கில் ஏழரை அடி, விட வேண்டும். நிறுவனத்திலிருந்து கட்டடம் பார்க்க வந்த தம்பி விறாந்தையில் நின்று படம் எடுத்தார், தேத்தண்ணி குடித்தார், வரைபடத்தை ஃபோனில் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கடதாசியைக் கடதாசியோடு ஒப்பிட்டால் எல்லாம் அமைவாகத்தான் இருக்கும்.

நீட்டிக் கட்டியது உங்களுக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அதற்கு அப்பா அனுமதி எடுத்தாரா இல்லையா என்பதுதான் அவர் போன பிறகு வீட்டில் யாருக்கும் தெரியாது, அதைப் பார்த்துச் சொல்லத்தானே காசு கட்டினோம்.

வாங்க வந்தவர் வங்கிக் கடனில் வாங்குகிறவர். வங்கி மதிப்பீட்டாளர் நேரே பின்வளவுக்குத்தான் போனார். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் 1982 திருத்தமும் சொல்வது இதுதான்: அந்தச் சட்டத்தின் கீழ் வரும் பிரதேசத்தில் கட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், கட்டிக் குடியிருக்க, அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ், அதாவது நாமெல்லாம் சீ.ஓ.சி. என்கிறோமே அது, வேண்டும். நீட்டிய பகுதிக்கு இரண்டுமே இல்லை. கடன் நின்றது. அட்வான்ஸ் கைமாறிவிட்டது, ஒப்பந்தத்தில் "கட்டடம் வரைபடப்படி உள்ளது" என்ற வாசகத்தை உறுதி எழுதும் நொத்தாரிஸ் போட்டது இந்த அறிக்கையைப் பார்த்துத்தான். இனி கவரிங் அப்ரூவலுக்கு, அதாவது கட்டிய பிறகு கேட்கும் அனுமதிக்கு, புது வரைபடம் கீற வேண்டும், தண்டம் கட்ட வேண்டும், பின் இடைவெளி போதாது என்று சொன்னால் குளியலறையை இடிக்கவும் வரலாம்.

இன்னொன்று. வீட்டு வாசலில் நின்றால் கடல் இரைச்சல் கேட்கும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டுவதற்கு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தனியாக வேண்டும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் காணி பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். அறிக்கையில் கடல் என்ற சொல்லே இல்லை. ஆனால் மாடிக் குடியிருப்புக்கென்று போட்ட படிவத்தை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள் போல, லிஃப்ட் வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு "பொருந்தாது" என்று கவனமாக எழுதியிருக்கிறார்கள்!

முறைப்பாடு சொன்னோம். கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தைக் காட்டினார்கள்: "இது கண்ணால் பார்த்த பரிசோதனை மட்டுமே." சரி, கண்ணால் பார்க்கவாவது பின்னுக்குப் போயிருக்கலாமே என்று அக்கா கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

இவர்களிடம் போவதென்றால் உரித்துத் தேடலை மட்டும் கேளுங்கள், அதைத் தனியாகவும் செய்கிறார்கள், காசும் குறைவு. கட்டடத்துக்கு, அட்வான்ஸ் வாங்க முதலே, திருகோணமலையிலேயே வரைபடம் கீறுகிற ஒருவரைக் கூப்பிட்டு நாலு பக்கமும் ரேப் பிடிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள்.