கடல் பார்க்க சொகுசுக் கப்பலா, ராமேஸ்வரம் ரயிலா?

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பியதிலிருந்தே அம்மாவுக்கு ஆசை. ஒருவழியாகப் போய் வந்தோம். பெட்டியை அறையில் வைத்துவிட்டால் இறங்கும்வரை தூக்க வேண்டாம். முட்டி வலிக்காரர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. சாப்பாடும் கட்டணத்திலேயே அடக்கம். விடியற்காலையில் மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பி உப்பால் பிசுபிசுத்தது. நாலா பக்கமும் கரையே இல்லை. அம்மா அரை மணி நேரம் அசையாமல் நின்றார்.

ஆனால் அலை எழுந்தால் தலை சுற்றும். இறங்கி ஊர் பார்க்கக் கிடைக்கும் நேரம் சொற்பம். ஐப்பசி, கார்த்திகை புயல் மாதங்களில் வேண்டவே வேண்டாம்.

ரயில் என்றால் செலவு பல மடங்கு குறைவு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ஏறியதும் ஜன்னலுக்குக் கீழேயே கடல். அப்புறம் ராமநாதசுவாமி கோயில் பிராகாரம், 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி என்று நம் இஷ்டத்துக்குச் சுற்றலாம். பிள்ளைகளோடு போவதென்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன். பெரியவர்களும் வந்தால் கீழ்ப் படுக்கைக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.