கடைசி வார்த்தை யாருக்கு: இந்திய முறையா, கனடா முறையா?

நீதிமன்றம் ஒரு சட்டத்தைச் செல்லாது என்று சொன்ன பிறகு மக்கள் பிரதிநிதிகள் என்ன செய்யலாம்? இங்கேதான் இரண்டும் பிரிகின்றன.

இந்தியாவில் அரசமைப்பையே திருத்தலாம். ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். ஆனால் 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 7-6 என வந்த தீர்ப்பு, திருத்தமும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது அதன் ஆதாரக் கொள்கைகளை, சிதைக்கக் கூடாது என்றது. நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 99-ஆவது திருத்தம் 2015-இல் ரத்தானது அப்படித்தான். அந்தக் கட்டமைப்பில் எவையெல்லாம் அடங்கும் என்ற முழுப் பட்டியல் எங்குமில்லை. வழக்குக்கு வழக்கு நீதிபதிகளே சொல்கிறார்கள். பெரும்பான்மை ஆட்சியை உறுத்துவது இதுதான், அந்த உறுத்தலில் நியாயம் உண்டு.

கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தில் 33-ஆவது பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட சில உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் சட்டம் செல்லும் என்று நாடாளுமன்றமோ மாகாணச் சட்டமன்றமோ சாதாரணப் பெரும்பான்மையால் அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு ஐந்தாண்டில் காலாவதியாகும், புதுப்பிக்கலாம். அதற்குள் ஒரு தேர்தல் வந்துவிடும். வாக்குரிமையில் கைவைக்க முடியாது.

கோளாறு எங்கே? 2019-இல் கனடாவின் கியூபெக் மாகாணம், அரசு ஆசிரியர்கள் உள்ளிட்டோர் பணியில் மதச் சின்னம் அணியத் தடை விதித்தபோது, தீர்ப்பு வருமுன்பே இப்பிரிவைச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் சிறுபான்மையினர், அடுத்த தேர்தலிலும் எண்ணிக்கை அவர்கள் பக்கம் இருக்காது. அவர்களுக்கு அடிப்படைக் கட்டமைப்பு என்ற இந்தியப் பூட்டே பாதுகாப்பு.