அத்தையின் முழங்காலும் அல்பார்டும்

தம்பி கல்யாணத்துக்கு ஒரு நாள் வாடகைக்கு டொயோட்டா அல்பார்ட் என்ற ஏழு இருக்கை சொகுசு வேன் எடுத்தோம். 2023-இல் இந்தத் தலைமுறை இங்கே மலேசியாவில் அறிமுகமானபோது விலை 538,000 வெள்ளி (ரிங்கிட்). அதே ஆண்டு வந்த டொயோட்டாவின் சிறிய கார் வியோஸ், ஆரம்ப நிலை 89,600. கணக்குப் போட்டேன், ஆறு வியோஸ்!

அத்தைக்கு முழங்கால் வலி. எங்கள் சின்ன மைவி காரில் ஏறவே இரண்டு பேர் தாங்கணும். இதில் பக்கக் கதவு தானாக நகர்ந்து திறந்தது. பிடியைப் பற்றி ஒரே எட்டு, உள்ளே போய்விட்டார். நடு வரிசையில் தனித்தனியாக இரண்டே இருக்கை. பொத்தானை அழுத்தினால் காலுக்கு அடியில் ஒரு மெத்தை மெல்ல எழும்பும். பட்டுச்சேலையை இழுத்துவிட்டபடி, "இறங்க மனசே வராதுடி, கோயிலை இன்னொரு சுத்து சுத்தி வரச் சொல்லு" என்றார்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் வந்தோம். 2.4 லிட்டர் டர்போ; ஏழு பேர் இருந்தும் திணறவில்லை. பின் வரிசையையும் விரித்ததால் சீர்வரிசைத் தட்டுகள் பாதி என் மடியில். பிரிக்ஃபீல்ட்ஸ் சந்துகளில் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் வண்டியை நிறுத்த இடம் தேடுவது தனிக்கதை.

வாடகைக்காரர்தான் சொதப்பினார். முகூர்த்தம் ஏழரைக்கு, வண்டி வாசலுக்கு வந்தது ஆறே முக்காலுக்கு. வாடகையில் ஐம்பது வெள்ளி குறைத்தார், அதுவும் அத்தை போனைப் பிடுங்கிப் பேசியதால்.

சொந்தமாக வாங்குவேனா? மாட்டேன். அத்தை மட்டும் அடுத்த கல்யாணம் யாருக்கென்று விசாரிக்கிறார்.