போர்ட் எண், ரெகெக்ஸ், என்டிபிஐ: மலைமேல் மெலிந்த இணைப்புக்கு எது?

கோத்தகிரியில் தெரிந்த அக்கா ஒருவரின் தங்கும் விடுதிக்கு நான்தான் நெட்வொர்க் பார்த்துக்கொடுக்கிறேன். மழையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் 4ஜி மட்டும்தான் மிஞ்சும். "தம்பி, மீட்டிங்ல இருக்கறவருக்குக் குரல் விட்டு விட்டு வருதாம், யாரோ படம் எறக்கறாங்க போல" என்று அன்று கட்டாயம் போன் வரும். அழைப்பை முன்னால் விட்டு, பதிவிறக்கத்தை ஓரம்கட்ட வேண்டும் என்றால், எது எந்த டிராஃபிக் என்று ரவுட்டருக்குத் தெரிய வேண்டும். மூன்று வழிகளையும் அங்கேயே போட்டுப் பார்த்தேன்.

ஒவ்வொரு சேவைக்கும் வழக்கமாக ஒதுக்கிய வாசல் எண்தான் போர்ட் எண்; அதை நம்புவதுதான் பழைய வழி. 22 என்றால் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச், 53 என்றால் தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ். சிபியுவுக்குச் சுமையே இல்லை. ஆனால் வீடியோ, மெயில், அப்டேட் எல்லாமே இப்போது பாதுகாப்பான இணையத்துக்கான 443-இல் போய் உட்கார்ந்துவிட்டன. ஆட்கள் தங்களுக்குள் கோப்பு பகிரும் டாரண்டோ எந்த போர்ட்டிலும் வரும். இது போதாது.

அடுத்தது ரெகெக்ஸ், அதாவது தேட வேண்டிய எழுத்து வரிசையின் வடிவத்தை ஒரு பேட்டர்னாக எழுதிவைப்பது. லினக்ஸில் 2003-இல் வந்த எல்7-ஃபில்டர் இதைப் பரவலாக்கியது. மைக்ரோடிக் ரவுட்டர்களில் இன்றும் இந்த வசதி உண்டு. இணைப்பின் முதல் 10 பாக்கெட் (தரவுத் துண்டு) அல்லது 2 கேபி வரை சேர்த்து வைத்து, பேட்டர்னோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். நன்றாக எழுதிய பேட்டர்ன் அவ்வளவு அழகு. டாரண்ட் இணைப்பு ஒன்றை, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் பிடித்தபோது, அதன் தரவு திரையில் ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில்) 13 42 69 74 54 என்று தொடங்கியது. முதல் பைட்டான 13, தசமத்தில் 19. அடுத்து வரும் 'பிட்டாரண்ட் புரோட்டோகால்' என்ற சொற்றொடரின் ஆங்கில எழுத்துகள், நடுவிலுள்ள இடைவெளியோடு, சரியாக 19! தொடக்கத்தைக் குறிக்கும் ^ போட்டு இதை எழுதினால் தவறாகப் பிடிக்க வழியே இல்லை.

தளர்வான பேட்டர்ன்தான் ஆபத்து. எல்7-ஃபில்டரோடு வந்த ஸ்கைப் பேட்டர்ன் ஒன்று கிட்டத்தட்ட மூன்றாவது பைட் 02-ஆ என்று மட்டும்தான் பார்க்கும். மறையாக்கம் செய்த எந்த டிராஃபிக்கும் 256-இல் 1 தடவை தற்செயலாகவே அதில் மாட்டும். பொருந்தியதையெல்லாம் டிராப் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். வரிசையில் பின்னால் தள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்7-ஃபில்டரின் பேட்டர்ன் தொகுப்பு 2009-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் இணைப்பில் 16 03 என்ற தொடக்கத்தைக் கண்டு 'இது டிஎல்எஸ்' என்று சொல்லலாம். உள்ளே ஓடுவது பாடமா படமா என்று அதிலிருந்து தெரியாது.

மூன்றாவது, ஓப்பன்டிபிஐ என்ற நிரலிலிருந்து கிளைத்து என்டாப் குழு வளர்க்கும், பாக்கெட்டின் உள்ளே பார்த்து வகை சொல்லும் என்டிபிஐ. இதில் ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் சி மொழியில் தனி நிரல் இருக்கிறது. நீளம், திசை, பாக்கெட் வரிசை எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கும். டிஎல்எஸ்ஸின் முதல் செய்தியில் திறந்தபடி போகும் சர்வர் பெயரைப் படிக்கும். வலைத்தளங்கள் பல இப்போது பயன்படுத்தும் புதிய புரோட்டோகாலான க்விக்கில் முதல் பாக்கெட்டே மறையாக்கம் செய்துதான் வரும். ஆனால் அதன் சாவியை அந்தப் பாக்கெட்டில் உள்ள இணைப்பு அடையாளத்திலிருந்தே கணக்கிட்டுவிடலாம். அதைத் திறந்து பெயரைப் பார்க்கிறது என்டிபிஐ. ரெகெக்ஸால் இது நடக்கவே நடக்காது. சர்வர் பெயரையும் மறைக்கும் இசிஎச் பரவப் பரவ இந்த வழி குறுகும், அது உண்மை. அப்புறம், சின்ன ரவுட்டருக்கு இது பாரம். பழைய மினி பிசி ஒன்றில் லினக்ஸ் போட்டு ஓட்ட வேண்டியிருந்தது.

என் தேர்வு என்டிபிஐதான். ரெகெக்ஸை ஒரே இடத்தில் விட்டுவைத்திருக்கிறேன். விடுதிக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்தில் மழைமானி ஒன்று நிற்கிறது. தன் அளவை வெறும் எழுத்தாக, எப்போதும் ஒரே சொல்லில் தொடங்கி அனுப்பும். என்டிபிஐ பட்டியலில் அது கிடையாது. ^ போட்டு எழுதிய ஒரே வரி அதைப் பிடித்துவிடுகிறது. ஃபைபர் அறுந்த நாளிலும் வீடியோ அழைப்புக்கு அடுத்தபடியாக அதுதான் மலையிலிருந்து கீழே போகிறது.