வெள்ளை ஈக்கு “பயோ” பாட்டில் வாங்குமுன் லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

வெண்டை, தக்காளி, கத்தரி போட்டிருப்பவர்கள் கவனத்துக்கு. “100% ஆர்கானிக், வெள்ளை ஈ ஸ்பெஷல்” என்று அச்சடித்த 250 மி.லி. பாட்டில் ஒன்றை 380 ரூபாய்க்கு ஓர் உரக்கடையில் எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். “ஒரே ஸ்ப்ரேல ஈ எல்லாம் போயிடும் சார், மொசைக்கும் க்ளியர் ஆயிடும்” என்பது கடைக்காரரின் உத்தரவாதம். பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

மொசைக், அதாவது தேமல் நோய், பற்றிச் சொன்னது முழுப்பொய். வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலும் தக்காளியின் இலைச்சுருட்டையும் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய்கள். செடிக்குள் வைரஸ் புகுந்தபின் குணப்படுத்த எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. நரம்பு மஞ்சளான செடியைப் பாலித்தீன் பையால் மூடி வேரோடு பிடுங்க வேண்டும். மூடாமல் அசைத்தால் ஈக்கள் பக்கத்துச் செடிக்குப் பறந்துவிடும்.

ஈ சாகும் என்றது உண்மையாகிவிட்டது; அதுதான் இன்னும் மோசம். தெளித்த அன்று மாலையே ஈக்கள் கொட்டின. “ஆர்கானிக்” என்றதும் நாம் நினைக்கும் வேம்பு அப்படி உடனே வேலை செய்யாது. வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியின் தீனியையும் தோலுரிப்பையும் கெடுக்கும், பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். பாட்டிலைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை, வேப்ப வாடை துளியும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை ரசாயனப் பூச்சிக்கொல்லி என்பது எங்கள் சந்தேகம். ஏனென்றால் அடுத்து நடந்தது அந்த வகை மருந்தை அடித்தால் வழக்கமாக நடப்பது. வெள்ளை ஈயைத் தின்னும் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒழிந்தன. இலையின் அடியில் ஒட்டியிருந்த முட்டையும் இளம்பூச்சியும் தப்பின. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக மூன்று வாரம் போதும். ஈக்கள் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தன, இலையில் ஈக்கள் கழிக்கும் பிசுபிசுப்பான தேன்கசிவும் அதில் வளரும் கரும்பூசணமும் படர்ந்தன. கடைக்காரரிடம் போனால் “ரெண்டாவது டோஸ் போடுங்க” என்கிறார்! ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கும் வெண்டையில், காத்திருப்புக் காலம் (மருந்தடித்தபின் பறிக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது) தெரியாத ரசாயனத்தை அடித்துவிட்டு எதை நம்பிச் சமைப்பது?

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன்படி பூச்சிமருந்து லேபிளில் பதிவு எண், உற்பத்தி உரிம எண், வேதிப்பொருளின் பெயரும் சதவீதமும், பேட்ச் எண், தயாரிப்பு மற்றும் காலாவதித் தேதி, நச்சுமுறிவுக் குறிப்பு எல்லாம் இருக்க வேண்டும். நச்சின் கடுமையைக் காட்டும் சாய்சதுரமும் வேண்டும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை இவற்றில் ஒன்றாக இருக்கும். அசாடிராக்டின் மருந்துக்கும் இதே சட்டம்தான், அதில் 300, 1500, 10000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அளவு போட்டிருப்பார்கள். அந்தப் பாட்டிலில் இருந்ததோ இலைப் படமும் “தாவரச் சாறு” என்ற இரண்டு சொல்லும்.

சின்னத் தோட்டத்துக்கு இந்தப் பாட்டிலே தேவையில்லை. 5 மி.லி. வேப்பெண்ணெயில் 1 மி.லி. காதி திரவ சோப்பை முதலில் நன்றாகக் கலக்கிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பால்போல வர வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் தெளிக்காதீர்கள், இலை கருகும். துணி துவைக்கும் பவுடரும் இலையைக் கருக்கும். வேப்பங்கொட்டை கிடைத்தால் இன்னும் நல்லது: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, சோப்பு கலந்து அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். இரண்டில் எதுவானாலும் வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். முட்டை தப்பித்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை, மூன்று முறையாவது தேவை. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைச் செடியின் நுனி உயரத்தில் கட்டினால் பறக்கும் ஈ ஒட்டும். இலையடியில் இருக்கும் இளம்பூச்சியை அது ஒன்றும் செய்யாது. வெள்ளை ஈ தங்கும் வேலியோரத் துத்திச் செடியைப் பிடுங்குங்கள், யூரியாவைக் குறையுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ நுகர்வோர் உதவி எண் 1915-இலோ புகார் செய்யலாம். பாட்டிலையும் துண்டுச்சீட்டையும் எறிந்துவிடாதீர்கள், லேபிளைப் படமெடுத்து வையுங்கள். பூச்சிமருந்து ஆய்வாளர் மாதிரி எடுப்பது கடையில் இருக்கும் சரக்கிலிருந்துதான். எனவே கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் புகாரைக் கொடுத்துவிடுங்கள். முதலில் சண்டை போட்டால் மறுநாள் அலமாரியில் அந்தப் பாட்டில் இருக்காது.